அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியும்?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே பாட்டு. முடிவெடுக்கத் தெரியவில்லை, எடுத்த முடிவு சரியில்லை, பிள்ளை எடுக்கும் முடிவு பிடிக்கவில்லை. சரி, எல்லாவற்றையும் ஒரே இதழில் வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன், நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பதினோரு பக்கம் எழுதிய அந்தச் சகோதரி மன்னிக்கவும்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் மகளை வேறு பள்ளிக்கு மாற்றினேன். நாலு பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்து, அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் விசாரித்து, மகளிடமும் கேட்டுத்தான் மாற்றினேன். இப்போது அவளுக்கு அங்கே ஒரு தோழிகூட இல்லை. மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது. "அன்றைக்கே சொன்னேனே" என்று கணவர் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுகிறார். நான் எடுத்தது தப்பான முடிவா?

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? யோசித்துத் தீர்மானிப்பதற்கும் முடிவு என்கிறோம், கடைசியில் வந்து நிற்பதற்கும் முடிவு என்கிறோம். முடிவெடுத்தேன் என்றாலும் அதே சொல், பரீட்சை முடிவு வந்துவிட்டது என்றாலும் அதே சொல். ஒரே சொல்லாக இருப்பதாலோ என்னவோ, வீட்டில் சண்டை என்று வந்தால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடந்தவன் அடிபடாமல் போய்ச் சேர்ந்துவிட்டால், அவன் நன்றாக யோசித்துக் கடந்தான் என்று சொல்வோமா? பார்த்துப் பார்த்துக் கடந்தவள்மேல் ஒரு வண்டி வந்து மோதினால் அவளைத் திட்டுவோமா? உங்களை நீங்களே திட்டிக்கொள்வது அந்தக் கணக்கில்தான் வருகிறது.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். பரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 1814-ல் பிரிட்டிஷ் படைக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த மோதலைப் பற்றி ஒரு குறிப்பைப் படிக்கக் கொடுத்து, இது எப்படியெல்லாம் முடிய எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேட்டார். சிலருக்கு மட்டும் "இப்படித்தான் முடிந்தது" என்று ஒரு வரியைச் சேர்த்தார், அதையும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விதமாக. யாருக்கு எந்த விளைவைச் சொன்னாரோ, அதற்குத்தான் தொடக்கத்திலிருந்தே வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரி தங்களை அசைத்தது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே உங்கள் கணவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கே தெரிந்ததாகத்தான் அவருக்கு இன்றைக்கு நினைவிருக்கும். அன்று அவர் சொன்னது "உன் இஷ்டம்" என்ற இரண்டு சொற்களாகக்கூட இருக்கலாம்.

அதற்காக உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடப் போவதில்லை. ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குக் கொஞ்சம் முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஏதாவது ஒன்றை விட்டுவிட்டேனா? உதாரணமாக, அந்த வகுப்புப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே ஒன்றாகப் படித்து வருகிறவர்களா, நடுவில் வந்து சேர்ந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டீர்களா? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்றால் அது தீர்மானத்தில் இருந்த ஓட்டை, அடுத்த முறை அடைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மகளுக்கு ஒரு தோழி கிடைப்பாளா என்பதை எந்தப் பள்ளி வாசலிலும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். அது தெரியாமல் போனதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

இன்றைக்கு எடுக்க வேண்டியது தனி முடிவு. பழையது சரியா தப்பா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மகளிடம் "பள்ளி பிடிக்கிறதா" என்று கேட்காதீர்கள், "ம்" என்றுதான் பதில் வரும். பள்ளியில் எந்த நேரம் ரொம்ப நீளமாகத் தெரிகிறது என்று கேளுங்கள். இடைவேளையா, வண்டியில் வரும் நேரமா, குழுவாகப் பிரியச் சொல்லும் வகுப்பா என்று தெரிந்தால் ஆசிரியரிடம் பேசுவதற்கு ஒரு விஷயம் கையில் இருக்கும். அப்புறம், ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை இங்கே முயல்வது, என்ன நடந்தால் தொடர்வது, என்ன நடந்தால் மறுபடி மாற்றுவது என்று ஒரு நோட்டில் எழுதித் தேதியும் போடுங்கள். அதில் கணவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடம் "அன்றைக்கே சொன்னேனே" என்று வந்தால் நோட்டைத் திறந்து காட்டலாம்.

கேள்வி: இரவில் படுத்துக்கொண்டு எடுக்கும் முடிவுகள் காலையில் அபத்தமாகத் தெரிகின்றன. எதை நம்புவது?

காலையில் எழுந்திருப்பவரை நம்புங்கள். இரவு ஆளுக்குத் தெரிந்ததெல்லாம் வேலையை விடுவது, உறவை முறிப்பது, யாருக்காவது நீளமாகச் செய்தி எழுதுவது, இந்த மூன்றுதான். எழுதட்டும், அனுப்ப மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: நான்காண்டுப் படிப்பில் இரண்டாண்டு முடித்துவிட்டேன். மனம் ஒட்டவே இல்லை. விட்டுவிடலாம் என்றால் அப்பா கட்டிய பணமும் என் இரண்டு வருடமும் வீணாகிவிடுமே?

தம்பி, அந்தப் பணமும் அந்த இரண்டு வருடமும் ஏற்கெனவே போய்விட்டன. நீ படித்து முடித்தாலும் திரும்பாது, பாதியில் விட்டாலும் திரும்பாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்றைத் தராசில் வைத்து என்ன பயன்? ஆனாலும் வைப்போம், எல்லோரும் வைப்போம். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-ல் இதை ஒரு நாடக அரங்கை வைத்துக் காட்டினார்கள். அந்த ஆண்டின் எல்லா நாடகங்களுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், அவர்களே எதிர்பாராதபடி விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதே நாடகங்கள், அதே இருக்கைகள். ஆனால் ஆண்டின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்து உட்கார்ந்தார்கள். காசு போயிற்றே என்று வந்தவர்கள் அவர்கள். அப்படி உட்கார்ந்து பார்க்கும் நாடகம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு வருடமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

இதைப் படித்துவிட்டு உடனே பெட்டி கட்டாதே. எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நடக்கும். "போனது போகட்டும்" என்ற தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு, கஷ்டமாக இருக்கும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நிற்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் படிப்பிலும் நடுவில் ஒரு வறண்ட பகுதி உண்டு. ஆரம்பத்தின் ஆர்வம் தீர்ந்துபோயிருக்கும், முடிவின் வெளிச்சம் இன்னும் தெரிந்திருக்காது. உனக்கு வந்திருப்பது அந்த வறட்சியா, இல்லை நிஜமாகவே ஒவ்வாமையா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். யாரோ ஒருவர் இன்றைக்கு உன்னிடம் வந்து, "முதல் இரண்டு வருடம் இலவசம், மீதி இரண்டு வருடம் படித்தால் போதும், பட்டம் உனக்கு" என்கிறார் என்று வைத்துக்கொள். சேர்வாயா? சேர்வேன் என்று தோன்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு, ஏனென்றால் உன் நிலைமை இப்போது சரியாக அதுதான். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தோன்றினால் கிளம்பு.

ஆனால் ஒன்று. எதை விட்டு ஓட வேண்டும் என்று மூன்று பத்தி எழுதியிருக்கிறாய், எங்கே போகப் போகிறாய் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த விடுமுறையில் உனக்குப் பிடித்தது என்று நீ நினைக்கிற வேலையைச் செய்யும் ஒருவரோடு பத்து நாள் இருந்து பார், அதன் சலிப்பான பகுதியையும் சேர்த்து. அப்பாவிடம் அதற்கப்புறம் பேசு. அவர் பணத்தைப் பற்றிப் பேசுவார், பயம் வேறு எதைப் பற்றியோ இருக்கும். போகும் இடம் தெரிந்தவனிடம் அப்பாக்கள் அவ்வளவு பயப்படுவதில்லை.

கேள்வி: மூன்று வயது மகன் எதற்கெடுத்தாலும் "மாட்டேன்". அவனே தேர்ந்தெடுக்கட்டும் என்று அலமாரியைத் திறந்துவிட்டால் அரை மணி நேரம் அழுகை. குளிக்கலாமா என்றால் வேண்டாம், கிளம்பலாமா என்றால் வேண்டாம்.

கேள்வியாகக் கேட்டது நீங்கள், பதில் சொன்னது அவன். "குளிக்கலாமா?" என்று ஒருவர் கேட்டால் "வேண்டாம்" என்பது முழுக்க முறையான பதில்தானே. வேண்டாம் என்ற பதிலை உங்களால் ஏற்க முடியாது என்றால் அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். "குளிக்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள். அவன் தீர்மானிக்க வேறு இடம் இருக்கிறது. வாத்து பொம்மையா கப்பலா, தலைக்கு முதலிலா காலுக்கு முதலிலா. சட்டை என்றால் அலமாரி முழுவதும் வேண்டாம், இரண்டை எடுத்துக் கட்டில்மேல் போடுங்கள். அந்த வயதுக்கு இரண்டு என்பதே பெரிய உலகம். அவன் எடுத்த சட்டை கால்சட்டைக்குப் பொருந்தவில்லை என்று நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்றால் அன்றோடு விளையாட்டு முடிந்தது, நாளைக்கு எதையும் எடுக்க மாட்டான்.

இன்னொன்றும் கவனித்துக்கொள்ளுங்கள். "அப்புறம் தருகிறேன்" என்று சொன்னால் தர வேண்டும். பொறுமையாகக் காத்திருந்தால் இன்னொரு மிட்டாய் என்று குழந்தைகளைச் சோதிக்கும் அந்தப் பழைய சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், காத்திருக்கும் பிள்ளைதான் வாழ்க்கையில் தேறும் என்று. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதைச் சற்றுத் திருப்பி, 2013-ல் வெளியிட்டார்கள். 28 குழந்தைகள். மிட்டாயைக் கண்ணில் காட்டுவதற்கு முன், நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார், மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து இல்லை என்றார். பிறகு மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். ஏமாந்தவர்கள் பொறுமை இல்லாதவர்களா? கிடைத்ததை இப்போதே சாப்பிட்டுவிடுவதுதான் அவர்கள் அனுபவத்துக்குச் சரியான கணக்கு. பிள்ளைகள் நன்றாகவே முடிவெடுக்கிறார்கள், நாம் கொடுக்கும் தகவலை வைத்து.

கேள்வி: சென்ற இதழில் ஒருவருக்கு, தாளின் நடுவில் கோடு போட்டுச் சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். வேறு ஊரில் கிடைத்த வேலைக்குப் போகலாமா என்று நானும் எழுதிப் பார்த்தேன். போகக் கூடாது என்று வந்தது. ஆத்திரத்தில் கிழித்துப் போட்டேன். உங்கள் முறை வேலைசெய்யவில்லை.

இதைவிட நன்றாக எப்படி வேலைசெய்யும்? எண்ணிக்கையில் தோற்ற பக்கத்தில் ஏதோ ஒன்று மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருக்கிறது என்று கிழிக்கும்போது தெரிந்துவிட்டதே.

அந்த முறை என்னுடையதும் இல்லை. 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு வேலையை ஏற்கலாமா என்று தவித்து, அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். என்ன செய்வது என்று சொல்ல எனக்கு விவரம் போதாது, எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று ஃபிராங்க்ளின் எழுதிய பதிலில்தான் இந்தக் கோடு வருகிறது. நாம் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். மூன்று நான்கு நாள் வைத்திருந்து, அவ்வப்போது தோன்றுவதை எழுதச் சொன்னார் அவர், ஏனென்றால் எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் மனதில் வந்து நிற்பதில்லை. அப்புறம் எடை போடச் சொன்னார். இந்தப் பக்கத்து ஒன்றும் அந்தப் பக்கத்து இரண்டும் சம எடை என்றால் மூன்றையும் அடித்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஒரே உட்காரலில் எழுதி, எண்ணிப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சார்லஸ் டார்வினும் 1838-ல் கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று இப்படி எழுதிப் பார்த்தவர்தான். புத்தகம் வாங்கக் காசு குறையும், நேரம் வீணாகும் என்று ஒரு பக்கம். வயதான காலத்துக்குத் துணை, எப்படியும் நாயைவிட மேல் என்று மறுபக்கம். அடுத்த ஜனவரியில் எம்மாவை மணந்துகொண்டார், பத்துப் பிள்ளைகள். அந்தக் குறிப்பைப் படித்தால் ஆள் முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாரோ என்று எனக்குச் சந்தேகம்.

உங்களுக்கு நான் சொல்வது இது. ஆறு மாதத்தில் சரிவரவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் போங்கள், இவ்வளவு தவிப்புக்கு அது தகுதியான விஷயமே இல்லை. திரும்பும் கதவு நிரந்தரமாக மூடிவிடும் என்றால் மட்டும் இன்னொரு தாள் எடுத்து, ஃபிராங்க்ளின் சொன்னபடி நாலு நாள் வையுங்கள். பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களுக்கு நாணயம் சுண்டிவிட்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். 20,000 முறைக்கும் மேல் நாணயம் சுண்டப்பட்டது. பெரிய விஷயங்களில், மாற்றம் என்று விழுந்து மாறியவர்கள் ஆறு மாதம் கழித்து, இருந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். நாணயத்திடம் கொடுக்கும் அளவுக்கு இரண்டுங்கெட்டானாக நின்றவர்கள் அவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் அப்படி நிற்கவில்லை, தாளைக் கிழித்தவர்.

கேள்வி: தாயின் உள்ளுணர்வு பொய்க்காது என்கிறார்களே?

எதைப் பற்றிய உள்ளுணர்வு என்பதைப் பொறுத்தது. டேனியல் கானமன் உள்ளுணர்வைச் சந்தேகித்தே பெயர் வாங்கியவர், கேரி கிளைன் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வைப் பார்த்து வியந்தவர். இந்த இரண்டு உளவியலாளர்களும் 2009-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, கடைசியில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடக்கும் விஷயமாக இருந்து, தப்பு செய்தால் உடனே தெரிந்துவிடும் என்றால், பழகிய உள்ளுணர்வை நம்பலாம். இல்லையென்றால் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் நம்ப முடியாது.

வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். குழந்தை அழுவது பசிக்கா வலிக்கா என்று ஒரு நாளைக்குப் பத்து முறை ஊகித்து, பத்து முறையும் உடனே சரிபார்த்துக்கொண்ட அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் மருத்துவரிடம் போக வேண்டும், யார் சிரித்தாலும் சரி. அதே அம்மா "இவன் வக்கீலாகத்தான் வருவான், எனக்குத் தெரியும்" என்றால், அதைச் சரிபார்க்க இருபது வருடம் ஆகும், அதுவும் ஒரே முறை. அது ஆசை, உள்ளுணர்வின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

கேள்வி: பதினைந்து வயது மகன். வீட்டில் பொறுப்பாகப் பேசுவான், தங்கைக்குப் பாடம் சொல்லித் தருவான். நண்பர்களோடு சேர்ந்தால் வேறு ஆள். போன மாதம் உரிமம் இல்லாத ஒரு பையன் ஓட்ட, நாலு பேர் ஒரே வண்டியில் போயிருக்கிறார்கள். "ஏன் ஏறினாய்" என்றால் தெரியவில்லை என்கிறான். எவ்வளவு விடுவது, எவ்வளவு பிடிப்பது?

ஐயா, "தெரியவில்லை" என்று அவன் சொன்னது அநேகமாக உண்மைதான். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 306 பேரைக் கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்றை விளையாடச் சொன்னார்கள். மஞ்சள் விளக்கு வந்ததும் நிறுத்துவதா, இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டுவதா என்பதுதான் கேள்வி. சிலரைத் தனியாக விட்டார்கள், சிலருக்குப் பக்கத்தில் அவர்களுடைய நண்பர்களை நிற்க வைத்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் இருந்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. அதனால் வீட்டில் தங்கமாக இருப்பவனும் அந்த வண்டியில் ஏறியவனும் ஒரே பையன்தான், ஒருவன் வேஷம் போடுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதிலிருந்து ஒரு காரியம் செய்யலாம். கூட்டத்துக்கு நடுவில் அவனால் யோசிக்க முடியாது என்றால், கூட்டம் இல்லாதபோதே யோசித்து வைத்துவிட வேண்டும். அவன் நிதானமாக இருக்கும் ஒரு நாளில், "அந்த மாதிரி வண்டி மறுபடி வந்து நின்றால் என்ன சொல்லி நழுவுவாய்?" என்று கேளுங்கள். நெறியெல்லாம் பேச வேண்டாம், வசனம் மட்டும். "எங்கப்பா கொன்றுவிடுவார்" என்று சொல்லிக்கொள்ள அனுமதி கொடுங்கள். பதினைந்து வயதில் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க முடியாது, கொடுமைக்கார அப்பனுக்குப் பிள்ளை என்று பெயர் வாங்கலாம். அந்தப் பழியை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். கூடவே ஒரு வாக்கு: எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்து அழைத்துப் போவேன், அன்று ராத்திரி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், மறுநாள் பேசிக்கொள்ளலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டுவிடாதீர்கள். என் மகன் ஒரு முறை அப்படிக் கூப்பிட்டபோது நான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் கூப்பிடவில்லை. எங்கெல்லாம் மாட்டிக்கொண்டானோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

எவ்வளவு விடுவது என்றால், தப்பு நடந்தால் அதை யார் தாங்குவார்கள், திருத்த முடியுமா என்று பாருங்கள். பரீட்சைக்கு முந்தின நாள்தான் படிப்பேன் என்கிறானா, கையிலிருந்த காசை ஒரே நாளில் செலவழித்துவிட்டானா, அது அவன் பாடு. முடியை எப்படி வெட்டிக்கொள்வது என்பது அவன் முடிவு, முடி வளரும். வீட்டில் மற்றவர்களையும் இடிக்கும் விஷயமென்றால் உட்கார்ந்து பேரம் பேச வேண்டும். உயிர், உடம்பு, சட்டம், திரும்பப் பெற முடியாதது என்று வந்தால் அங்கே வாக்கெடுப்பு கிடையாது, நீங்கள் சொல்வதுதான். இந்தக் கடைசிக் கூடையில் முடியையும் சட்டையையும் நண்பன் பெயரையும் தூக்கிப் போட்டுவிடுவதுதான் நம் எல்லோருக்கும் வழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே சத்தத்தில் கத்தினால் எது நிஜமான ஆபத்து என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: நான் கண்டிப்பு, மனைவி செல்லம். பிள்ளை கெட்டுப்போனால் யார் காரணம்?

இன்னும் கெடவே இல்லை, அதற்குள் குற்றவாளியைத் தேடுகிறீர்கள்.

டயானா பாம்ரிண்ட் 1960-களிலிருந்து பெற்றோர்களைக் கவனித்து வகை பிரித்தவர். அவருக்கு நல்லபடியாகத் தெரிந்த பெற்றோர்கள் கண்டிப்பும் அன்பும் ஒரே ஆளிடம் இருந்தவர்கள். விதி இருக்கும், ஏன் என்று கேட்டால் பதிலும் இருக்கும். உங்கள் வீட்டில் இரண்டையும் ஆளுக்கொன்றாகப் பங்குபோட்டுக்கொண்டுவிட்டீர்கள். நீங்கள் ஒரு படி இறுக்கினால் அவர் ஈடுகட்ட ஒரு படி தளர்த்துவார், அதைப் பார்த்து நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள். பிள்ளை எந்தக் கதவைத் தட்டினால் எது திறக்கும் என்று கற்றுக்கொண்டிருப்பான். ஒரு மாதம் மாற்றிப் பாருங்கள். அடுத்த முறை அவன் கேட்கும் ஒன்றுக்கு நீங்கள் சரி என்று சொல்லுங்கள், மனைவி ஒன்றுக்கு முடியாது என்று சொல்லட்டும். எதற்கு என்பதை அவன் தூங்கிய பிறகு இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போனாலும் குற்ற உணர்ச்சி, வீட்டில் இருந்தாலும் குற்ற உணர்ச்சி. நேற்றுகூடக் குழந்தையின் பள்ளி நோட்டில் கையொப்பம் போட மறந்துவிட்டேன். நான் நல்ல அம்மாதானா?

குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த வின்னிகாட், "போதுமான அளவு நல்ல தாய்" என்று சொன்னார். முதலில் குழந்தைக்கு முழுக்க ஈடுகொடுத்து, அது வளர வளர கொஞ்சம் கொஞ்சமாகத் தவறவிடுகிறவள் அவள். அந்தச் சின்னச் சின்னத் தவறல்களில்தான் வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்று குழந்தை தெரிந்துகொள்கிறது. நீங்கள் நேற்று மறந்த கையொப்பத்தை அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு வயசு. எங்க அம்மா உங்க பக்கத்தைப் படிச்சிட்டு எதுக்கெடுத்தாலும் "உனக்கு ரெண்டு வழி, நீயே முடிவு பண்ணு"ன்னு சொல்றாங்க. ரெண்டுமே அவங்களுக்குப் பிடிச்சதாத்தான் இருக்கு. இது நியாயமா?

நியாயமில்லை, கண்ணு. அது மூன்று வயதுக்குச் சொன்ன வைத்தியம். உன் வயதுக்கு அதையே செய்தால், முடிவு பண்ணச் சொல்வதுபோல நடித்துக்கொண்டே அவர்களே முடிவு பண்ணுகிறார்கள் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய், கண்டுபிடித்தும்விட்டாய்.

அடுத்த முறை "மூணாவதா ஒண்ணு நான் சொல்லலாமா?" என்று கேள். சொல்லும்போது, அதில் என்ன தப்பாகப் போகலாம் என்பதையும் நீயே சேர்த்துச் சொல்லிவிடு. பெரியவர்கள் அதில் பாதி உருகிவிடுவார்கள். அப்புறம், ஏதாவது ஒரு விஷயத்தை முழுக்க உன்னிடம் விட்டுவிடச் சொல். வீட்டுப்பாடத்தை எந்த நேரத்தில், எந்த வரிசையில் செய்வது என்பதில் ஆரம்பிக்கலாம். ஒரு மாதம் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. ஒரு நாள் சொதப்புவாய். அன்றைக்கு அம்மா கண்டுபிடிப்பதற்கு முன் நீயே போய்ச் சொல்லிவிடு. அதற்கப்புறம் இரண்டாவது விஷயத்தைக் கேட்டு வாங்குவது சுலபம்.

இந்தப் பக்கத்தை அம்மாவிடம் நீயே கொண்டுபோய்க் காட்டலாம், இல்லை அவர்களாகப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். மூன்றாவதாக ஏதாவது தோன்றினால் எனக்கு எழுது.